அடைப்பு எடுக்கப் போய் ஆபத்தை இழுக்கலாமா?

(கெமிக்கல் பிரிவு, மூன்றாம் ஆண்டு மாணவன்)



பாலிடெக்னிக்கில் சேர்ந்த நாளிலிருந்தே நமக்கெல்லாம் வீட்டில் ஒரு தனிப் பதவி கிடைத்துவிடுகிறது. எலக்ட்ரிக்கல் படிக்கிறவனை மிக்ஸி ரிப்பேருக்குக் கூப்பிடுவார்கள். மெக்கானிக்கல் படிக்கிறவன் வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு மாமா தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்துவார். சுவரில் விரிசல் விட்டால் சிவில் படிக்கிறவன் வந்து பார்த்துச் சொல்லவேண்டும். கெமிக்கல் படிக்கும் எனக்குக் கிடைத்த பதவி எது தெரியுமா? பாத்ரூம் அடைப்பு!

"ஏம்ப்பா, நீ கெமிக்கல்தானே படிக்கிறே? எதை ஊத்தினா அடைப்பு போகும்?"

மாதத்துக்கு ஒருவராவது இந்தக் கேள்வியோடு வந்துவிடுகிறார்கள். நான் உடனே பதில் சொல்வதில்லை. திருப்பி ஒரு கேள்வி கேட்கிறேன்: "இதுவரைக்கும் என்ன ஊத்தியிருக்கீங்க?"

இந்த ஒரு கேள்வியின் மதிப்பு ஓர் உயிர். இது மிகைப்படுத்திச் சொல்வதல்ல. ஏன் என்பதைப் படிப்படியாக விளக்குகிறேன். எந்தப் பிரிவில் படிக்கிறவராக இருந்தாலும் சரி, நாளைக்கு உங்களிடமும் யாராவது வந்து கேட்கத்தான் போகிறார்கள். அப்போது உங்கள் வாயிலிருந்தும் முதலில் இந்தக் கேள்விதான் வரவேண்டும்.

அடைப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது?

குளியலறை அடைப்பு என்பது பெரும்பாலும் தலைமுடியும் சோப்பு அழுக்கும் ஒன்றாகத் திரண்ட கட்டி. சமையலறை அடைப்பு என்றால் எண்ணெய்ப் பிசுக்கும் சோற்றுப் பருக்கையும். ஷாம்பு பாக்கெட்டின் கிழிந்த மூலை, தேங்காய் நார், துணித் துண்டு இவையும் உள்ளே சேர்ந்துகொள்ளும்.

இந்தக் கட்டி அதிகமாகச் சிக்குகிற இடம் 'டிராப்'. சிவில் நண்பர்களுக்கு இது நன்றாகத் தெரியும். குளியலறைத் தரையில் நஹானி டிராப், வாஷ்பேசினுக்குக் கீழே பாட்டில் டிராப், வீட்டுக்கு வெளியே கல்லி டிராப் என்று வைத்திருப்பார்கள். எல்லாவற்றுக்கும் வேலை ஒன்றுதான்: கொஞ்சம் தண்ணீரை எப்போதும் தன்னிடம் தேக்கி வைத்துக்கொள்வது. சாதாரணமாக 50 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தேங்கி நிற்கும் இந்த நீர்ப்பூட்டுதான் சாக்கடை நாற்றம் வீட்டுக்குள் ஏறாமல் தடுக்கிறது.

இங்கேதான் விஷயமே இருக்கிறது, கவனியுங்கள். நல்ல நிலையில் இருக்கிற குழாயில் ஊற்றியது ஓடிவிடும். ஆனால் அடைத்துக்கொண்ட குழாயில் நீங்கள் ஊற்றிய மருந்து எங்கேயும் போவதில்லை! டிராப்பில் நிற்கும் தண்ணீரோடு கலந்து அப்படியே உட்கார்ந்திருக்கும். ராத்திரி போட்டது காலையிலும் அங்கேயே இருக்கும். "அது போட்டு பத்து மணி நேரம் ஆச்சே, இன்னுமா இருக்கும்?" என்று கேட்பவர்கள் இதை யோசிப்பதில்லை. தண்ணீரே இறங்காத இடத்தில் மருந்து மட்டும் எப்படி இறங்கும்?

ஆகவே அடைப்புக்கு ஊற்றும் முதல் பாட்டில், இரண்டாவது பாட்டிலுக்காகக் காத்திருக்கிறது. ஆபத்து அந்த இரண்டாவது பாட்டிலில்தான்.

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்

நம் வீடுகளில் சுத்தம் செய்யப் பயன்படுத்தும் முக்கியமான பொருட்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, காரம். காஸ்டிக் சோடா என்கிற சோடியம் ஹைட்ராக்சைடு. அடைப்பு நீக்கும் பவுடர்கள் பலவற்றில் இருப்பது இதுதான். எண்ணெயை சோப்பாக்கிக் கரைக்கும், தலைமுடியையும் அரித்துவிடும்.

இரண்டாவது, அமிலம். கடையில் 'ஆசிட்' என்று விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். கழிப்பறைக் கோப்பையில் ஊற்றும் கெட்டியான நீலநிறத் திரவங்கள் பலவற்றிலும் இருப்பது இதே அமிலம்தான். உப்புக்கறையைக் கரைப்பதில் கெட்டிக்காரன். ஆனால் முடியையும் எண்ணெயையும் ஒன்றும் பெரிதாகச் செய்யாது.

மூன்றாவது, பிளீச். பிளீச்சிங் பவுடர் அல்லது சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல். கிருமியைக் கொல்லும், கறையை வெளுக்கும்.

இந்த மூன்றுக்கும் ஓர் அதிசயமான உறவு உண்டு. மூன்றுமே நாம் சாப்பிடுகிற உப்பிலிருந்து பிறந்தவை! மேட்டூரிலும், ஆறுமுகநேரி அருகே சாகுபுரத்திலும் காஸ்டிக் சோடா ஆலைகள் இருப்பதை அறிவீர்கள். உப்புத் தண்ணீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் காஸ்டிக் சோடா, குளோரின், ஹைட்ரஜன் என்று மூன்றும் பிரிந்து வரும். அந்தக் குளோரினையும் ஹைட்ரஜனையும் சேர்த்துத் தண்ணீரில் கரைத்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். குளோரினைக் காஸ்டிக் சோடாவில் செலுத்தினால் ஹைப்போகுளோரைட். நீற்றிய சுண்ணாம்பில் செலுத்தினால் பிளீச்சிங் பவுடர்.

அதாவது, பிளீச் என்பது காரத்தைக் கயிறாக வைத்துக் கட்டிப்போட்ட குளோரின். அதன் மேல் அமிலத்தை ஊற்றினால் கயிறு அறுந்துவிடுகிறது. கட்டுண்டு கிடந்த குளோரின் எழுந்து வெளியே வந்துவிடுகிறது! நாம் பாடத்தில் படித்த சமன்பாடுதான்:

பிளீச்சிங் பவுடர் + ஹைட்ரோகுளோரிக் அமிலம் → கால்சியம் குளோரைடு + நீர் + குளோரின்

நமது பாடப் புத்தகத்தில் இதற்கு மேலே 'குளோரின் தயாரித்தல்' என்று தலைப்புப் போட்டிருக்கும். ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்ய வேண்டுமானால் புகைக்கூண்டுக்குள் வைத்துத்தான் செய்யவேண்டும். காஸ்டிக் ஆலைகளில் குளோரின் கசிந்தால் கண்டுபிடிக்கக் கருவியும், முகமூடியும், கசிந்த வாயுவை உறிஞ்சிக்கொள்ளக் காஸ்டிக் கரைசல் பாயும் கோபுரமும் வைத்திருப்பார்கள். வீட்டு பாத்ரூமில் என்ன இருக்கிறது? ஒரு சின்ன ஜன்னல், அதுவும் பாதி வீடுகளில் திறக்காது!

சித்திக்கு நேர்ந்தது

என் சித்தி வீட்டில் நடந்த சம்பவத்தை அவர்கள் அனுமதியோடு சொல்கிறேன்.

பாத்ரூமில் தண்ணீர் இறங்கவில்லை. ராத்திரி இரண்டு கைப்பிடி பிளீச்சிங் பவுடரைப் போட்டு வைத்திருக்கிறார்கள். காலையில் பார்த்தால் தண்ணீர் நின்றது நின்றபடியே. மளிகைக் கடைக்குப் போயிருக்கிறார்கள்.

"அண்ணாச்சி, அடைப்புக்கு ஏதாவது குடுங்க. பவுடர் போட்டும் போகல."

"பவுடருக்கெல்லாம் அசையாதும்மா. இந்த ஆசிட்ட ஊத்துங்க. ஸ்ட்ராங்கா இருக்கும், பிச்சுக்கிட்டுப் போயிடும்."

குழந்தைகள் உள்ளே வந்துவிடக் கூடாதே என்று கதவைச் சாத்திக்கொண்டு, குனிந்து உட்கார்ந்து ஊற்றியிருக்கிறார்கள். 'சொர்'ரென்று நுரை பொங்கியது. பச்சையும் மஞ்சளுமாகப் புகை எழும்பியது. அடுத்த மூச்சை உள்ளே இழுக்க முடியவில்லை. இருமல் சத்தம் கேட்டுச் சித்தப்பா ஓடி வந்து வெளியே இழுத்துப் போட்டதால் பிழைத்தார்கள்.

ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் தேறிவிட்டார்கள். "ஒண்ணும் இல்ல, சரியாயிடுச்சு" என்று சமைக்கவும் போய்விட்டார்கள். ஆனால் அன்றைக்கு ராத்திரிதான் மூச்சு வாங்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து இரண்டு நாள் படுக்க வைத்திருந்தார்கள். இன்றைக்கும் சாம்பிராணிப் புகை பட்டால் இருமல் வந்துவிடுகிறது.

நான் பார்க்கப் போனபோது சித்தி சொன்னது எனக்கு மறக்கவே இல்லை: "ரெண்டும் சுத்தம் பண்றதுதானேப்பா? ரெண்டும் சேர்ந்தா டபுளா சுத்தமாகும்னு நெனச்சேன்."

நண்பர்களே, இதில் சித்தியின் தவறு என்ன? சாம்பாரில் பருப்பும் சேர்க்கிறோம், புளியும் சேர்க்கிறோம். நல்லதோடு நல்லது சேர்ந்தால் இன்னும் நல்லது என்பது சமையலறை தந்த அனுபவம். வேதியியலில் அந்தக் கணக்கு செல்லாது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? 'எது ஸ்ட்ராங்' என்று சொல்ல ஆள் இருந்தது. 'எதோடு எது சேரக் கூடாது' என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

"கொஞ்சம்தானே ஊத்தினோம், அதுக்கா இவ்வளவு?" என்று சிலர் கேட்பார்கள். நாம் டிப்ளமோ மாணவர்கள். கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

5 அடி நீளம், 6 அடி அகலம், 8 அடி உயரம் உள்ள ஒரு பாத்ரூமை எடுத்துக்கொள்வோம். கன அளவு 240 கன அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர். ஆக உள்ளே இருக்கும் காற்று சுமார் 6,800 லிட்டர்.

போட்ட பிளீச்சிங் பவுடர் 50 கிராம் மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். நல்ல பவுடரில் கிடைக்கக்கூடிய குளோரின் ஏறத்தாழ 30 சதவீதம். அதாவது 15 கிராம். குளோரினின் மூலக்கூறு எடை 71. அறை வெப்பநிலையில் ஒரு மோல் வாயு சுமார் 24.5 லிட்டர் இடத்தை அடைக்கும். எனவே

15 ÷ 71 × 24.5 = 5.2 லிட்டர் குளோரின்.

இது 6,800 லிட்டர் காற்றில் பரவினால், பத்து லட்சத்தில் சுமார் 760 பங்கு. நம் பாஷையில் 760 பி.பி.எம்.

இந்த எண் பெரியதா சிறியதா? உடனடியாக உயிருக்கும் உடல்நலத்துக்கும் ஆபத்தான அளவு என்று அமெரிக்கத் தொழில்நலப் பாதுகாப்பு நிறுவனம் குளோரினுக்கு வகுத்திருப்பது 10 பி.பி.எம். சுமார் 30 பி.பி.எம். அளவிலேயே நெஞ்சு வலியும் வாந்தியும் கடும் இருமலும் வந்துவிடும். 40 முதல் 60 பி.பி.எம். வரை போனால் நுரையீரலே பாதிக்கப்படும். 1,000 பி.பி.எம். என்றால் சில நிமிடங்களில் மரணம்.

பவுடர் பழசு, பாதி வீரியம் போய்விட்டது, ஊற்றிய ஆசிட்டும் கொஞ்சம்தான் என்று எவ்வளவு கழித்துக்கொண்டாலும் சரி. பத்தில் ஒரு பங்கு வாயுவே வெளியே வந்தது என்றால்கூட 76 பி.பி.எம்.! ஆபத்தான அளவைப்போல ஏழு மடங்குக்கு மேல்!

இன்னொன்று. குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. ஆகவே அது கூரைக்குப் போகாது. தரையோடு தரையாகத் தேங்கி நிற்கும். அடைப்பு எடுக்கிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்? தரையில், குத்துக்காலிட்டு, ஓட்டைக்கு நேர் மேலே மூக்கை வைத்துக்கொண்டு! அறை முழுவதற்கும் போட்ட சராசரிக் கணக்கைவிட அவர் மூக்கருகே அளவு பல மடங்கு கூடுதலாக இருக்கும்.

உள்ளே போன குளோரின் மூச்சுக்குழாயின் ஈரத்தில் கரைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகவும் ஹைப்போகுளோரஸ் அமிலமாகவும் மாறுகிறது. அரிபட்ட நுரையீரலில் நீர் கசிந்து கோர்க்கத் தொடங்குகிறது. இந்த நீர்க்கோப்பு சில மணி நேரம் கழித்தும் வரலாம். சித்திக்கு ராத்திரியில் மூச்சு வாங்கியதன் காரணம் இதுதான்.

சேரக் கூடாத சேர்க்கைகள்

1. பிளீச் + எந்த அமிலமும்: குளோரின் வரும். ஆசிட் மட்டுமல்ல, டாய்லெட் கிளீனர், வினிகர் எல்லாம் அமிலக் குடும்பம்தான்.

2. பிளீச் + அம்மோனியா: குளோரமீன் என்ற வாயு வரும். கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும். கண்ணாடி துடைக்கும் திரவங்கள் சிலவற்றில் அம்மோனியா இருக்கிறது. ஹாஸ்டல் நண்பர்கள் கவனிக்கவும்: நாள்பட்ட சிறுநீரிலும் அம்மோனியா இருக்கிறது! தண்ணீர் விட்டு அலசாமல் யூரினலில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் கண் எரிவது இதனால்தான்.

3. காஸ்டிக் சோடா + அமிலம்: விஷவாயு வராது. ஆனால் கடும் வெப்பம் வரும். ஒடுங்கிய டிராப்புக்குள் அந்த வெப்பம் பிறந்தால் திரவம் கொதித்து மேல்நோக்கிப் பீச்சி அடிக்கும். குனிந்து பார்க்கிறவரின் கண்தான் இலக்கு.

4. காஸ்டிக் சோடா + அலுமினியம்: ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஹைட்ரஜன் தீப்பிடிக்கும். காஸ்டிக்கை அலுமினியப் பாத்திரத்தில் கரைக்கவே கூடாது. அடைப்பு நீக்கும் பவுடர்கள் சிலவற்றில் கலக்குவதற்காக அலுமினியத் துணுக்குகளைச் சேர்த்திருப்பார்கள். அங்கே பீடி, தீப்பெட்டி வேண்டாம்.

5. சாக்கடைச் சேறு + அமிலம்: இது பலருக்குத் தெரியாது. நாள்பட்ட சேற்றின் கருநிறத்துக்கு முக்கியக் காரணம் இரும்பு சல்பைடு. லேபில் கிப் உபகரணத்தில் இரும்பு சல்பைடும் அமிலமும் சேர்த்து என்ன எடுத்தோம்? ஹைட்ரஜன் சல்பைடு! அழுகிய முட்டை நாற்றமுள்ள அதே விஷவாயு. சுமார் 100 பி.பி.எம். தாண்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 'நாத்தம் போயிடுச்சு' என்று நினைக்கிற நேரம்தான் அதிக ஆபத்தான நேரம்.

6. காஸ்டிக் சோடா + கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர்: இதுவும் ஒரு கலவைதான். 200 மில்லி தண்ணீரில் 50 கிராம் காஸ்டிக்கைக் கரைத்தால் 55 கிலோஜூலுக்கு மேல் வெப்பம் வெளிப்பட்டு, கரைசல் 80 டிகிரியைத் தாண்டிவிடும். பி.வி.சி. குழாய் இளகத் தொடங்குவது அந்த வெப்பநிலையில்தான்.

உலகம் கண்ட பாடங்கள்

குளோரினை முதன்முதலில் தயாரித்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் வில்ஹெல்ம் ஷீலே, 1774-ல். அதை ஒரு தனிமம் என்று அறிந்து பெயரிட்டவர் ஹம்ப்ரி டேவி, 1810-ல். அதே வாயுவை 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரே போர்முனையில் ஜெர்மானியப் படை எதிரிகள் மீது திறந்துவிட்டது. போர்க்களத்தில் மனிதனைக் கொல்லப் பயன்படுத்திய பொருளும், பாத்ரூம் மூலையில் நாம் அறியாமல் தயாரிக்கும் பொருளும் ஒன்றேதான்!

ஜப்பானில் 1980-களில் அமிலக் கிளீனரும் குளோரின் பிளீச்சும் கலந்து வீட்டில் உயிரிழப்பு நேர்ந்தது. அதற்குப் பிறகு அந்நாட்டுப் பாட்டில்களின் முன்பக்கத்திலேயே 'கலக்காதே, அபாயம்' என்று பெரிய எழுத்தில் அச்சிடும் வழக்கம் வந்தது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் பர்லிங்டனில் 2019 நவம்பரில் ஓர் உணவகத்தில் நடந்ததைக் கேளுங்கள். சமையலறைத் தரையில் அமிலக் கிளீனர் சிந்தியிருந்தது. அது தெரியாமல் இன்னொரு ஊழியர் அதே தரையில் பிளீச் கலந்த கிளீனரை ஊற்றினார். தரை பச்சையாகி நுரைத்தது. மற்றவர்களைக் காப்பாற்ற நினைத்து அதைத் தள்ளி வெளியேற்ற முயன்ற மேனேஜர் இறந்துபோனார். பத்துப் பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

கொரோனா பரவத் தொடங்கிய 2020-ன் முதல் மூன்று மாதங்களில் மட்டும் சுத்திகரிப்புப் பொருட்களாலும் கிருமிநாசினிகளாலும் ஏற்பட்ட பாதிப்பு குறித்து அமெரிக்க விஷமுறிவு மையங்களுக்கு வந்த அழைப்புகள் 45,550. முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட 20 சதவீதம் அதிகம். பயத்தில் கை தாராளமாகிவிட்டது.

சரி, அடைப்பை எப்படித்தான் எடுப்பது?

அடைப்பு என்பது முதலில் ஒரு மெக்கானிக்கல் பிரச்சினை. கெமிக்கல் மாணவனே சொல்கிறேன், மெக்கானிக்கல் வழியில் போங்கள்!

ஜாலியைக் கழற்றி, கையுறை போட்டு, கைக்கு எட்டுகிற முடியை எடுங்கள். பாதி அடைப்பு அங்கேயே தீர்ந்துவிடும்.

வாஷ்பேசினாக இருந்தால் கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு, பாட்டில் டிராப்பின் கோப்பையைக் கையால் திருகிக் கழற்றிக் கழுவி மாட்டுங்கள். ஸ்பேனர்கூட வேண்டாம்.

அடுத்து ரப்பர் பம்ப். ரப்பர் கிண்ணம் மூழ்கும் அளவு தண்ணீர் இருக்கவேண்டும். பேசினில் மேலே இருக்கும் ஓட்டையை ஈரத்துணியால் அடைத்துவிட்டு, பதினைந்து இருபது தடவை அழுத்தி இழுங்கள். காற்று புகுந்தால் அழுத்தம் கிடைக்காது.

எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் நல்ல வெந்நீரும் சோப்புத்தூளும் போதும். பி.வி.சி. குழாயில் கொதிக்கக் கொதிக்க ஊற்றவேண்டாம்.

அதற்கும் மசியாவிட்டால் மூங்கில் பிளாச்சு, கம்பிச் சுருள், இல்லையென்றால் பிளம்பர்.

மருந்துதான் போடவேண்டும் என்றால் ஒரே மருந்து. கையுறையும் கண்ணாடியும் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, பாக்கெட்டில் சொன்ன அளவு மட்டும். காஸ்டிக்கைக் கரைக்கும்போது தண்ணீரில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும்; காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அமிலத்துக்கும் அதே விதிதான்.

ஒரு மருந்து வேலை செய்யவில்லையா? அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டாவது பாட்டிலைத் தொடாதீர்கள். ரப்பர் பம்பும் அப்போது வேண்டாம், மருந்து தெறிக்கும். பிளம்பரைக் கூப்பிட்டு, என்ன ஊற்றினீர்கள், எப்போது ஊற்றினீர்கள் என்பதை அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

செப்டிக் டேங்க் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை: பிளீச்சையும் ஆசிட்டையும் அளவில்லாமல் ஊற்றினால் டேங்கில் கழிவைச் செரிக்கும் பாக்டீரியாக்கள் செத்துப்போகும். அப்புறம் டேங்க் சீக்கிரம் நிரம்பும்.

வாயு கிளம்பிவிட்டால்?

உடனே வெளியே வாருங்கள். நிமிர்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டு. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வரலாம் என்று நிற்காதீர்கள். எதையும் ஊற்றி 'சரிக்கட்ட'ப் பார்க்காதீர்கள். மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டால் போதும் என்று நம்பி மறுபடி உள்ளே போகாதீர்கள். வீட்டில் இருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு காற்றோட்டமான இடத்துக்குப் போங்கள்.

கண்ணில் பட்டிருந்தால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவவேண்டும். மேலே தெறித்த துணியைக் கழற்றிவிட்டு உடம்பிலும் தண்ணீரைத் தாராளமாக ஊற்றுங்கள். காஸ்டிக் பவுடராகவே ஒட்டியிருந்தால் முதலில் தட்டிவிட்டுப் பிறகு கழுவுங்கள்.

யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. அரித்துக்கொண்டு இறங்கியது, அரித்துக்கொண்டே மேலேயும் வரும்.

மூச்சுத் திணறலோ, நெஞ்சு இறுக்கமோ, நிற்காத இருமலோ இருந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். 'சரியாயிடுச்சு' என்று தோன்றினாலும் டாக்டரிடம் காட்டுங்கள். பாட்டிலையோ லேபிளையோ கையோடு எடுத்துப் போனால் அவருக்கு உதவியாக இருக்கும்.

நமது பங்கு

லேபிள் என்று சொன்னேன். அதுதான் நம் ஊரில் பெரிய குறை. பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஆசிட்டை ஊற்றி விற்பதை நானே பல கடைகளில் பார்த்திருக்கிறேன். பெயரும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. ஆசிட் வீச்சுக் கொடுமையை முன்னிட்டு, வாங்குபவரின் அடையாளச் சான்றைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதித்தான் ஆசிட் விற்கவேண்டும் என்று 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பெயர் ஒட்டாத பாட்டிலை வாங்கமாட்டோம் என்று நாமாவது உறுதி எடுத்துக்கொள்வோம். வீட்டில் இருக்கும் பாட்டில்களில் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, தமிழில் பெயர் எழுதி வைப்போம். பிளீச் ஒரு மூலையில், ஆசிட் இன்னொரு மூலையில் இருக்கட்டும்.

இன்னும் ஒருவரை நாம் மறந்துவிடுகிறோம். நாம் ஊற்றியது கடைசியில் போய்ச் சேரும் இடத்தில் நிற்பவர் துப்புரவுத் தொழிலாளி. ஹாஸ்டல் சேம்பரைத் திறந்து பிளாச்சு விடுகிற அந்த அண்ணனுக்கு, மாடியில் நாலு ரூமில் நாலு பேர் என்னென்ன ஊற்றினார்கள் என்று எப்படித் தெரியும்? பாதுகாப்பின்றிச் சாக்கடைக்குள் மனிதனை இறக்குவதை 2013-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்திருக்கிறது. சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் ரூபாயிலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. எத்தனை லட்சம் கொடுத்தாலும் போன உயிர் திரும்புமா? அவர் மூடியைத் திறப்பதற்கு முன்னால் நாம் போய், "அண்ணே, நேத்து இதை ஊத்தியிருக்கோம், பாத்துக்கங்க" என்று ஒரு வார்த்தை சொல்வது, படித்தவனாக நாம் செய்யக்கூடிய மிகச் சிறிய கடமை.

நம் வீட்டில் சமன்பாடு எழுதத் தெரிந்த முதல் ஆள் பெரும்பாலும் நாம்தான். அம்மாவுக்கும் சித்திக்கும் அத்தைக்கும் அந்தச் சமன்பாடு வேண்டாம். 'ஒரு தடவைக்கு ஒரே மருந்து. போகலைன்னா ஆளைக் கூப்பிடு' என்ற ஒரு வரி போதும். இந்த மலரை வீட்டுக்கு எடுத்துப் போகும்போது அந்த வரியையும் கொண்டுபோய்ச் சேருங்கள். நாளை யாராவது "எதை ஊத்தலாம்?" என்று கேட்டால், பாட்டிலின் பெயரைச் சொல்வதற்கு முன் கேளுங்கள்:

"இதுவரைக்கும் என்ன ஊத்தியிருக்கீங்க?"

கேட்போம்! காப்போம்!